மூன்றாம் பீரங்கி, ஐந்நூறு கெஜம்

"படு! படு! எல்லாரும் படு!"

படுக்கிறேன். வாய்க்குள் சேறு. காலை ஒன்பது இருபது. முதல் குண்டு பள்ளத்தில் விழுகிறது. இரண்டாவது சமையல் கூடாரத்தில். மூன்றாவது எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. என் வலது காது அதோடு போயிற்று.

தலையைத் தூக்கிப் பார்க்கிறேன். மழைக்குள் பொரி பறக்கிறது. ரேஷன் அரிசியை வறுத்துப் பையன்கள் பொரித்த பொரி. வாழைப்பழச் சீப்பு ஒன்று பீரங்கிச் சக்கரத்தில் அப்பிக் கிடக்கிறது. கூடாரத்துப் பக்கம் சமையல்காரன் உட்கார்ந்திருக்கிறான். கையில் கரண்டி. தலை இல்லை. உடம்பு சாய இன்னும் நேரம் எடுத்துக்கொள்கிறது.

1944. பர்மா எல்லை மலை. ஆயுத பூஜை நாள்.

நான்கு பீரங்கிகள். நான்கிலும் சந்தனம், குங்குமம். நான்கும் நனைந்து நிற்கின்றன. தொலைபேசிக்காரன் பள்ளத்திலிருந்து கத்துகிறான்.

"எதிரி மேட்டுக்குப் பின்னால! தூரம் ஆறாயிரத்து நானூறு!"

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. உத்தரவைக் கேட்டவன் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லாமல் கை அசையக்கூடாது. நான்கு பீரங்கியிலிருந்தும் நான்கு குரல்கள் திருப்பிச் சொல்கின்றன. மூன்றாம் பீரங்கியிலிருந்து வரும் குரல் சுடலைமுத்துவுடையது. மற்ற மூன்றையும் விடத் தெளிவாக வருகிறது.

"ஆறாயிரத்து நானூறு!"

நான் அவனிடமிருந்து பத்தடி தள்ளி நிற்கிறேன். இடது காதால் கேட்டேன். சத்தியமாகக் கேட்டேன். அவன் சரியாகத்தான் சொன்னான்.

சுட்டோம். ஒரு நிமிடம். ஒவ்வொரு பீரங்கியும் ஐந்து குண்டு. பிறகு தொலைபேசியில் ஒரு அலறல். பள்ளத்துக்கு வெளியே நின்ற எனக்கே கேட்டது.

"ரோக்கோ! ரோக்கோ! அப்னே ஆத்மி! அப்னே ஆத்மி ஹைன்!"

நிறுத்து, நம் ஆட்கள் என்று அர்த்தம். எங்களுக்கும் எதிரிக்கும் நடுவே, ஒரு மேட்டில், மராட்டியச் சிப்பாய்கள் பதுங்கு குழி வெட்டி இருந்தார்கள். எங்கள் குண்டு அவர்கள் தலைக்கு மேலே போக வேண்டும். மூன்று பீரங்கியின் குண்டு போயிற்று. மூன்றாம் பீரங்கியின் குண்டு போகவில்லை. ஐந்தும் அவர்கள் குழிக்குள்ளேயே விழுந்தன.

பதினொரு பேர்.

என் பெயர் தேவசகாயம். ஊர் நாசரேத் பக்கம். வயது எண்பத்தேழு. இப்போது, 1985-இல், செம்பூரில் மகள் வீட்டில் இருக்கிறேன். வலது காது கேட்காது. இடது காது வசதிப்பட்டால் கேட்கும் என்று மகள் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். இரண்டு உலகப் போரிலும் பீரங்கிப் படையில் இருந்தவன். முதல் போரில் குதிரை ஓட்டினேன். இரண்டாம் போரில் ஜமேதார். போர் முடியும்போது சுபேதார். தோளில் நட்சத்திரம் ஏறிய கதையை இந்த ஊரில் நூறு பேரிடம் சொல்லியிருக்கிறேன். மாட்டுங்காவில் காபி வாங்கிக் கொடுத்துக் கேட்டவர்கள் உண்டு. அந்தக் கதையில் நான் ஒரு நாளை விட்டுவிடுவேன். இப்போது எழுதுவது அந்த நாளை.

அதைச் சொல்லும் முன் 1917-ஐச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நான் செய்தது எவ்வளவு கேவலம் என்று உங்களுக்குப் புரியாது.

மெசபடோமியா. தைகிரிஸ் ஆற்றங்கரை. பகல் ஒரு மணி. குண்டு ஏற்றிய வண்டி. ஆறு குதிரைகள், மூன்று ஜோடி. ஜோடிக்கு ஒருவன். முதல் ஜோடியில் சாமுவேல். என் ஊர்க்காரன், என்னோடு ஒரே நாளில் பெயர் கொடுத்தவன். கடைசி ஜோடியில் நான். வெயில் கண்ணைக் குத்துகிறது. ஈ மூக்குக்குள் போகிறது. எதிரே துருக்கியர் சுடுகிறார்கள். பின்னால் நம் பீரங்கிகள் சுடுகின்றன.

எதிரியின் குண்டு வரும்போது சீழ்க்கை வளர்ந்துகொண்டே வரும். பதுங்க நேரம் கிடைக்கும். நம் குண்டு பின்னாலிருந்து தலைக்கு மேலே போகும். அந்தச் சத்தம் விலகிக்கொண்டே போகும். அதைக் கேட்டால் யாரும் குனிய மாட்டோம். தைரியமாகக்கூட இருக்கும். அன்று ஒரு சத்தம் விலகவில்லை. போய்க்கொண்டே இருந்தது நடுவில் நின்றது.

கண் திறந்தபோது நான் குதிரை வயிற்றுக்கு அடியில் கிடந்தேன். குடல் என் மேல் சரிந்திருந்தது. சூடாக இருந்தது. என்னுடையது என்றே நினைத்தேன். தடவித் தடவிப் பார்த்தேன். குதிரையுடையது. சாமுவேல் இருந்த இடத்தில் ஒரு பூட்ஸ் நின்றது. நேராக நின்றது. உள்ளே கால் இருந்தது. முன் குதிரை ஒன்று பின்னங்கால் இரண்டும் இல்லாமல் எழுந்து நிற்கப் பார்த்தது. மறுபடி மறுபடி பார்த்தது. என்னிடம் துப்பாக்கி இல்லை. வேறு ஒருவன் ஓடி வந்து சுட்டான்.

நம் குண்டு. நம் ஆள் வைத்த தூரம். யாரோ ஒருவனுடைய கை பிசகியது. யார் என்று யாரும் சொல்லவில்லை. சாமுவேலின் அம்மாவுக்கு எதிரி சுட்டதாகக் கடிதம் போயிற்று. அந்தக் கடிதத்தை எழுதியவனுடைய மூக்கை உடைக்க நான் போனேன். மூன்று பேர் பிடித்துக்கொண்டார்கள்.

அன்று ஒரு சபதம் போட்டேன். பீரங்கியைத் தொடும் காலம் எனக்கு வந்தால், என் பீரங்கிக் குண்டு ஒன்றுகூடக் குறைந்து விழாது. முப்பதுகளின் நடுவில் அந்தக் காலம் வந்தது. நம்மவர்களையே பீரங்கிக்குப் பழக்கினார்கள். மதராஸிகளையும் எடுத்தார்கள். குதிரை லாயத்திலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். ஹவில்தார் ஆனேன். ஜமேதார் ஆனேன். பையன்களை வறுத்து எடுத்தேன். தூரக் கூம்பில் அழுக்கு இருந்தால் அடிப்பேன். கையால்தான். அதற்காக எனக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது. அது என்ன என்று இன்றுவரை யாரும் என் முகத்துக்கு நேராகச் சொன்னதில்லை.

தூரக் கூம்பு என்றால், பீரங்கியின் இடது பக்கம் லேயர் உட்காருவான். குறி பார்த்து, தூரம் வைக்கிறவன். அவன் கைக்கெட்டும் இடத்தில் கூம்பு வடிவத்தில் ஒரு உலோகம். அதைச் சுற்றிக் கோடுகள். நூறு கெஜத்துக்கு ஒரு கோடு. ஐந்நூறுக்கு ஒரு எண். அறுபது என்றால் ஆறாயிரம். அறுபத்தைந்து என்றால் ஆறாயிரத்து ஐந்நூறு. சொன்ன தூரத்துக்கு அதைத் திருப்பி வைத்தால், குழாய் அந்த அளவுக்கு உயரும். எங்கள் படையில் அதைத் திருப்ப சுடலைமுத்துவுக்கு மிஞ்சிய கை கிடையாது. இருபத்திரண்டு வயது. சாத்தான்குளம் பக்கம். ஊரில் மாமன் மகளை நிச்சயம் செய்துவிட்டு வந்திருந்தான். அவளுடைய பெயரைக் கேட்டால் காது மடல் சிவக்கும். மற்ற பையன்கள் வேண்டுமென்றே தினம் கேட்பார்கள்.

ஆயுத பூஜை காலை. எட்டு மணி. பையன்கள் பீரங்கியைத் துடைத்து நிறுத்தியிருந்தார்கள். முதல் பொட்டை ஜமேதார் வைக்க வேண்டும் என்றார்கள். நான் கிறிஸ்தவன். ஆனால் அந்த மலையில் அவர்களுக்கு மூத்தவன் நான்தான். மறுத்தால் முகம் வாடிவிடும். வைத்தேன். சந்தனமும் குங்குமமும் குழைத்து ஒரு தகர மூடியில் கொடுத்தார்கள். முதல் பீரங்கி, இரண்டாவது, நான்காவது. கடைசியில் மூன்றாவதுக்கு வந்தேன். அதன் குழாயில் வைத்தேன், சக்கரத்தில் வைத்தேன். முடிந்தது. கட்டைவிரலில் மிச்சம் இருந்தது.

நம் ஆட்களுக்குத் தெரியும். பூஜைச் சந்தனத்தைத் தரையில் உதற மாட்டோம். சட்டையில் துடைக்க மாட்டோம். கோயிலில் மிச்சத்தைத் தூணில் தடவிவிட்டு நடப்பார்கள். எந்தத் தூண் என்று பார்ப்பதில்லை. கை தானாகப் போகும். நான் கோயிலுக்குப் போகிறவன் இல்லை. ஆனாலும் சின்ன வயதிலிருந்து பார்த்த பழக்கம் கையில் ஏறியிருந்தது. ஹவில்தார் ஏதோ கேட்டார். அவர் பக்கம் திரும்பிப் பதில் சொல்லிக்கொண்டே கட்டைவிரலைப் பக்கத்தில் எதிலோ அழுத்தித் துடைத்தேன்.

எதில் என்று பார்க்கவில்லை.

ஒன்பது இருபதுக்கு எதிரி சுட ஆரம்பித்தான். மீதியைச் சொல்லிவிட்டேன்.

ஒன்பது ஐம்பது. பையன்கள் சமையல்காரனைத் தூக்கப் போயிருக்கிறார்கள். சுடலைமுத்து பள்ளத்தில் வாந்தி எடுத்துக்கொண்டிருக்கிறான். நான் மூன்றாம் பீரங்கியிடம் போகிறேன். எங்கே பிசகியது என்று பார்க்க வேண்டும். குனிகிறேன்.

கூம்பின் மேல் ஒரு கட்டைவிரல். என் கட்டைவிரல். செம்மஞ்சள் நிறத்தில், ரேகையோடு. அறுபத்தைந்து என்ற எண்ணை முழுதாக மூடிக் காய்ந்திருக்கிறது. சுடலைமுத்துவின் கண் அதைத் தாண்டிப் பக்கத்து எண்ணில் நின்றிருக்கிறது. அறுபது. ஆறில் தொடங்கும் எண். தினம் நூறு முறை செய்கிற வேலை. எண்ணைக் கண்டதும் ஒரு கோடு கீழே இறக்கியிருக்கிறான். அறுபத்தைந்திலிருந்து இறக்கினால் ஆறாயிரத்து நானூறு. அறுபதிலிருந்து இறக்கியதால் ஐயாயிரத்துத் தொள்ளாயிரம். ஐந்நூறு கெஜம் குறைவு. மராட்டியர் குழி இருந்த இடம்.

எனக்கு உடனே புரிந்தது. முழுதாகப் புரிந்தது. அதுதான் என் பாவம். புரியாமல் செய்தேன் என்று சொல்ல வழி இல்லை.

எண்ணெய்த் துணி என் இடுப்பில் இருந்தது. துடைத்தேன். இரண்டு முறை. அறுபத்தைந்து பளிச்சென்று தெரிந்தது. துணியைச் சேற்றில் மிதித்துப் புதைத்தேன். யாரும் பார்க்கவில்லை.

ஏன் என்று கேட்பீர்கள். பயம். வேறு எந்தக் காரணமும் இல்லை. சுபேதார் பதவிக்கு என் பெயர் போயிருந்தது. இருபத்தெட்டு வருடச் சேவை. கூம்பில் அழுக்கு இருந்தால் அடிக்கிற ஜமேதார், அவனே கூம்பில் சந்தனம் தடவினான் என்று நான்கு பீரங்கிக்காரர்களும் சிரிப்பார்கள் என்றுகூட நினைத்தேன். பதினொரு பேர் செத்துக் கிடக்கும்போது சிரிப்பை நினைத்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

பதினொன்று பத்து. எதிரி மறுபடி ஆரம்பித்தான். "பீரங்கிக்கு ஓடு! ஓடு!" என்று நானே கத்தினேன். மூன்றாம் பீரங்கிக்கு வேறு லேயர் இல்லை. சுடலைமுத்துவே உட்கார்ந்தான். தூரத்தை வைத்தான். இந்த முறை எல்லாக் குண்டும் சரியாகப் போயிற்று. நான்காவது நிமிடம் எதிரிக் குண்டு ஒன்று பீரங்கித் தகட்டில் பட்டு வெடித்தது. ஹவில்தாரின் மார்பு திறந்துவிட்டது. குண்டு எடுத்துக் கொடுத்தவனுக்கு முகம் இல்லை. முகம் இல்லாமலே இரண்டு அடி நடந்தான். சுடலைமுத்துவின் தோளில் ஒரு துண்டு பாய்ந்தது. இடது கை தொங்கியது. வலது கையால் கூம்பைத் திருப்பினான். ரத்தம் முழங்கையில் வடிகிறது. உத்தரவைத் திருப்பிச் சொல்கிறான். ஒவ்வொரு முறையும் சொன்னான். பதினொன்று நாற்பதுவரை அவன் இடத்தைவிட்டு எழவில்லை.

மாலை நான்கு மணிக்கு விசாரணை. ஒரு கூடாரம், மூன்று வெள்ளை அதிகாரிகள், ஒரு மேஜை. என்னைக் கேட்டார்கள். கூம்பைப் பார்த்தீரா? பார்த்தேன். சுத்தமாக இருந்ததா? சுத்தமாக இருந்தது. எண்கள் தெரிந்தனவா? தெரிந்தன. மூன்று பதில். இரண்டு பொய். சுடலைமுத்து தோளில் கட்டோடு நின்றான். என்னையே பார்த்தான். ஜமேதார் சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும் என்ற பார்வை. அவனைக் கேட்டபோது, "என் கண் தப்பிப் போச்சு" என்றான்.

செத்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார்கள். நான் கூடாரத் துணியில் ஓடிய மழைத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவனுக்கு ராணுவச் சிறை. பிறகு பதவி நீக்கம். எனக்கு அந்த வருடமே சுபேதார்.

போர் முடிந்து பம்பாய் வந்தேன். செம்பூரில் ஒரு தொழிற்சாலையில் காவல்காரர்களுக்குத் தலைவன். மனைவி வந்தாள், மகள் பிறந்தாள், மனைவி போனாள். சுடலைமுத்து ஊருக்குப் போயிருப்பான், மாமன் மகளைக் கட்டியிருப்பான் என்று வைத்துக்கொண்டேன். அப்படி வைத்துக்கொள்வது வசதியாக இருந்தது.

போன ஆயுத பூஜைக்கு முந்தின நாள். மாட்டுங்கா மார்க்கெட். காலை பத்து மணி. நான் காபித்தூள் வாங்கப் போனேன். பூஜைச் சாமான் கடையில் கூட்டம். ஒரு கிழவர் பூசணிக்காய், குங்குமம், எலுமிச்சம்பழம் வாங்குகிறார். கடைக்காரர், "சந்தனம் மறந்துட்டீங்களே" என்கிறார். "சந்தனம் வேண்டாம்" என்கிறார் கிழவர். அந்தக் குரல். என் நல்ல காது அதை விடவில்லை. திரும்பினேன். அவரும் திரும்பினார். பூசணிக்காயை இடது கைக்கு மாற்றினார். கஷ்டப்பட்டுத்தான் மாற்றினார், அந்தத் தோள் சரியாக எழும்பவில்லை. வலது கையால் சல்யூட் அடித்தார். நடு மார்க்கெட்டில்.

"சலாம், ஜமேதார் சாப். நல்லா இருக்கீயளா?"

சுடலைமுத்து. கடைப் பலகையைப் பிடித்துக்கொண்டேன். சிறையிலிருந்து வந்த நாள் முதல் அவன் இந்த ஊரில்தான் இருந்திருக்கிறான். நான்கைந்து ஸ்டேஷன் தள்ளி, தாராவியில். மைதீன் பாய் என்ற காயல்பட்டினத்துக்காரரின் தோல்பை பட்டறையில் தையல் மிஷின்களைப் பழுது பார்க்கிறான். அங்கேயே மேல் பலகையில் படுக்கை.

"ஊருக்குப் போகலையா?" என்றேன்.

"எந்த மூஞ்சியோட போவேன் சாப்? அம்மா கேட்டு விட்டுக்கிட்டே இருந்தா. ஒரு நா கேக்கது நின்னு போச்சு. தகவல் பொறவுதான் வந்துது."

"அந்தப் பிள்ளை? நிச்சயம் பண்ணினது?"

"எட்டு வருசம் இருந்தாளாம். பொறவு வேற எடத்துல கட்டிக் குடுத்துட்டாவ." காது மடல் இப்போதும் சிவந்தது. "பதினோரு வீட்ல தாலி அறுத்தவனுக்குக் கல்யாணம் என்ன கேடு சாப்?"

மதராஸிகளை இந்த ஊரில் அடித்த நாட்கள் இருந்தன. அப்போது அவனையும் மாஹிம் பக்கம் பிடித்து அடித்திருக்கிறார்கள். முன் பல் இரண்டு அப்போது போனது. ஓட முடிந்தும் ஓடவில்லை என்றான். "அடிச்சது ஒரு மராட்டிப் பயதான். அவன் அப்பனையோ சித்தப்பனையோ நான் கொன்னுருப்பேனோ என்னமோ, யாரு கண்டா? அடிக்கட்டும்னு நின்னேன்."

நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். காபித்தூள் வாங்காமல் பஸ் ஏறினேன். எண்பத்தேழு வயதில் இன்னொரு முறை ஓடினேன்.

மறுநாள் பகல் பதினொரு மணிக்குத் தாராவிக்குப் போனேன். மகள் தடுத்தாள். கேட்கவில்லை, இரண்டு காதாலும் கேட்கவில்லை. சந்துக்குள் பட்டறை. மிஷின்கள் வரிசையாக, மாலை போட்டு, குங்குமப் பொட்டோடு. பொரி குவித்திருந்தார்கள். உள்ளே தமிழ்ப் பையன்கள் ஹிந்தியில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சுடலைமுத்து வாசலுக்கு வெளியே ஒரு டப்பா மேல் உட்கார்ந்திருந்தான். பூஜை முடியும்வரை உள்ளே போக மாட்டானாம்.

எதிரே உட்கார்ந்தேன். சொன்னேன். கட்டைவிரல், கூம்பு, அறுபத்தைந்து, எண்ணெய்த் துணி, இரண்டு பொய். எதையும் விடவில்லை. முடிந்ததும் அவன் சிரித்தான். பல் இல்லாத இடம் தெரிந்தது.

"என்னயத் தேத்துததுக்குச் சொல்லுதீய."

"இல்லலே."

"சாப், நீங்க அப்படிப்பட்ட ஆளு இல்ல. கூம்புல ஒரு தூசி இருந்தா கன்னம் வீங்க அடிப்பிய. நீங்க போயி அதுல சந்தனத்தத் தடவினியளாக்கும்? கெழவன் சாவதுக்கு முன்ன ஒரு நல்ல வார்த்த சொல்லுவோம்னு வந்திருக்கிய. உங்க மனசு எனக்குத் தெரியாதா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். உண்மையைச் சொல்கிறேன், நம்ப மாட்டேன் என்கிறான். என் மேல் அவனுக்கு இருந்த மரியாதையே வழியை மறித்துக்கொண்டு நிற்கிறது. அந்த மரியாதையும் நான் திருடியது.

"கர்த்தர் மேல சத்தியம்லே. என் மக மேல சத்தியம். நீ சந்தனம் மட்டும் வேண்டாம்னு சொன்னியே, நேத்து கடையில. ஏன் வேண்டாம்?"

அவன் சிரிப்பு நின்றது.

"அந்த வாசம் எனக்கு ஆவாது சாப். அன்னையிலேருந்து." வலது கையைத் திருப்பிப் பார்த்தான். "ரெண்டாம் தடவ சுட்டோம்லா, பதினோரு மணிக்கு. தோள்ல அடிபட்ட பொறவு கையால வாயப் பொத்தினேன். வெரல்ல ரத்த வாசம் வரணும். சந்தன வாசம் வந்துது. காலையில நான் சந்தனத்தத் தொடவே இல்ல. அந்தக் கைய வச்சி நான் தொட்டது..."

நிறுத்தினான்.

"கூம்ப மட்டுந்தான் தொட்டேன்" என்றான்.

கூம்பின் கோடுகளுக்குள் மிச்சம் இருந்திருக்கிறது. என் துணி அதை எடுக்கவில்லை. நாற்பத்தொரு வருடம் அந்தச் சாட்சி அவனுடைய மூக்கில் இருந்திருக்கிறது. உள்ளே பையன்கள் கைதட்டினார்கள். ஒருவன் சந்தில் பூசணிக்காயை உடைத்தான். சுடலைமுத்துவும் நானும் ஒரே நேரத்தில் குனிந்தோம்.

நிமிர்ந்தபோது அவன் முகம் வேறாக இருந்தது. அவ்வளவு கோபத்தை நான் போர்க்களத்தில்கூடப் பார்த்ததில்லை. அடிப்பான் என்று நினைத்தேன். அடிக்கட்டும் என்று இருந்தேன்.

"அவங்க பேரு தெரியுமா உமக்கு?"

'உமக்கு' என்றான். சாப் போய்விட்டது.

"தெரியாது."

"ஒண்ணு கூடவா?"

"ஒண்ணு கூடத் தெரியாது."

"எனக்குத் தெரியும். கூடாரத்துல வாசிச்சாவளே. அன்னைக்கே மனப்பாடம். தெனமும் காலையில எந்திரிச்சதும் சொல்லுவேன். மிஷினத் தொடுததுக்கு முன்னால." எழுந்து நின்றான். லேயர் மாதிரி அல்ல, அதிகாரி மாதிரி நின்றான். "இப்ப நான் சொல்லுதேன். நீரு திருப்பிச் சொல்லும். ஆர்டரத் திருப்பிச் சொல்லணும்லா? நீருதானே படிச்சுக் குடுத்தீரு?"

நானும் எழுந்தேன். முட்டி வலித்தது. அட்டென்ஷனில் நின்றேன். தாராவிச் சந்தில், பகல் பதினொன்றே முக்காலுக்கு. ஒவ்வொரு பெயராகச் சொன்னான். ஒவ்வொரு பெயராகத் திருப்பிச் சொன்னேன். இரண்டு இடத்தில் தடுமாறினேன். மறுபடி சொல்ல வைத்தான். பட்டறைப் பையன்கள் வாசலில் வந்து நின்று பார்த்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

பதினொன்றும் முடிந்தன.

"இனி இது உம்ம பாடு" என்றான். "நான் எறக்கி வச்சிட்டேன். போயிரும். இனிமே இங்க வராதேயும்."

பட்டறைக்குள் போனான். பூஜை நடந்துகொண்டிருக்கும்போதே போனான். நான் மறுபடி போகவில்லை. அது அவனுடைய உத்தரவு.

அவன் என்னை மன்னிக்கவில்லை. மன்னிக்கச் சொல்லி நான் கேட்கவும் இல்லை. தினமும் காலையில் எழுந்ததும் பெயர்களைச் சொல்கிறேன். மறந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. வயது அப்படி. அதனால்தான் இதை எழுதினேன். விசாரணைத் தாள் எங்கே இருக்கிறதோ, இருக்கிறதோ இல்லையோ. அதில் என்ன எழுதியிருந்தாலும் அது பொய். கூம்பு சுத்தமாக இல்லை. லேயரின் கண் தப்பவில்லை.

இழந்தது இவ்வளவு.

1917-இல் சாமுவேல். ஐந்து குதிரைகள். என் ஜோடியில் ஒன்று மட்டும் பிழைத்தது, அதுவும் ஒரு வாரம்.

1944, ஆயுத பூஜை நாள். எதிரி கொன்றது சமையல்காரர் ஒருவர், ஹவில்தார் ஒருவர், குண்டு எடுத்துக் கொடுத்தவன் ஒருவன். மூன்று பேர்.

நான் கொன்றது. தோண்டிபா. விட்டல். கண்பத். பாண்டுரங். சக்காராம். மாருதி. நாம்தேவ். இன்னொரு விட்டல். பாபு. கிருஷ்ணா. யஷ்வந்த். பதினொரு பேர்.

பிறகு, சாத்தான்குளம் பக்கம் மகனைப் பார்க்காமல் செத்த ஒரு தாய். எட்டு வருடம் காத்திருந்த ஒரு பெண். பிறக்காத பிள்ளைகள், எத்தனை என்று எனக்குத் தெரியாது. இரண்டு பல். நாற்பத்தொரு வருடம்.

அந்த நாற்பத்தொரு வருடத்துக்குச் சொந்தக்காரன் பெயர் சுடலைமுத்து. மூன்றாம் பீரங்கி லேயர். சொன்ன உத்தரவைச் சரியாகத் திருப்பிச் சொன்னவன். இதை வாசிக்கிறவர்கள் அவன் பெயரை ஒரு முறை வாய்விட்டுத் திருப்பிச் சொல்லுங்கள்.